கோடு விழாத நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஒரேஸ்தே காந்தோனியின் கையில் அறுபதாவது வயதில் ஒரு சிவப்புப் பென்சில் வந்து சேர்ந்தது. அன்றோடு எங்கள் ஊரின் நிம்மதி போயிற்று.

பென்சில் வருவதற்கு முன்னால் மட்டும் மனிதர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. சாவு அறிவிப்பு ஒட்டினால் முதல் ஆளாக நின்று வாசிப்பார். இறந்தவருக்கு எழுபத்தெட்டு இல்லை, எழுபத்தொன்பது என்று துக்க வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வருவார். பாதிரியார் பிரசங்கத்தில் தேதி தவறினால் முன்வரிசையிலிருந்து இருமுவார். தொல்மேட்ஸோ டவுனிலிருந்து வரும் பஸ் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால் டிரைவர் முகத்துக்கு நேரே கைக்கடிகாரத்தை நீட்டுவார். முப்பத்து மூன்று வருடம் சாலைத் துறையில் வேலை பார்த்தவர். கோடையில் குழி அடைப்பது, குளிரில் பனி வாருவது. அவர் பொறுப்பில் இருந்த பதினோரு கிலோமீட்டரில் ஒரு கல்தூண்கூடச் சாய்ந்து நின்றதில்லை. சாய்ந்து நிற்கும் எதையும் அவரால் பார்த்துக்கொண்டு போக முடியாது. சுவரில் படம் சாய்ந்திருந்தால் அடுத்தவன் வீடாக இருந்தாலும் எழுந்து போய் நேராக்குவார்.

அப்படிப்பட்டவரிடம் போய் அச்சுப்படியைக் கொடுத்தது எங்கள் சங்கம் செய்த பெரிய முட்டாள்தனம்.

சங்கம் என்றால் மலைப் பீரங்கி ரெஜிமென்ட்டில் சேவை செய்து திரும்பியவர்களின் சங்கம். கார்னியா மலைப்பகுதியில் எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்த ஆண்பிள்ளை இருபத்தொரு வயதானால் அந்த ரெஜிமென்ட்டுக்குத்தான் போவான். அவன் அப்பனும் போனான், தாத்தனும் போனான். தலையில் இறகு வைத்த தொப்பி, கையில் கோவேறு கழுதையின் கயிறு. பீரங்கியைப் பன்னிரண்டு பங்காகக் கழற்றிப் பன்னிரண்டு கழுதைகளின் முதுகில் ஏற்றி, ஆடு ஏறப் பயப்படும் பாறைக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். 'வாயை மூடிக்கொண்டு இழு' என்பதுதான் ரெஜிமென்ட்டின் மந்திரம். சங்கக் கட்டடத்தில் அடுப்புக்கு மேலே அதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் பேசுவோம்.

ரெஜிமென்ட்டின் வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும், டிசம்பர் நாலாம் தேதி பீரங்கிக்காரர்களின் புனிதை பார்பராவின் திருநாளன்று வெளியிட வேண்டும் என்று தீர்மானம் ஆனது. எழுதும் பொறுப்பு செயலாளர் பவுஸ்தோவுக்குப் போனது. பவுஸ்தோ ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்திலும் அலுவலகத்தில்தான் இருந்தார். பதினெட்டு மாதமும் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், கழுதையை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். இது போதாதா ஒரேஸ்தேக்கு?

"கழுதைக்கு எந்தப் பக்கம் வாலுன்னு தெரியாதவன் ரெஜிமென்ட் வரலாறு எழுதுறான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பவுஸ்தோவுக்குப் பொறுக்கவில்லை. அச்சகத்திலிருந்து படி வந்த அன்று நூற்றைம்பது பக்கத்தையும் நூலால் கட்டி, கூடவே ஒரு சிவப்புப் பென்சிலையும் வைத்து, ஒரேஸ்தே வீட்டுச் சமையலறை மேஜையில் பொத்தென்று போட்டார்.

"இந்தாங்கண்ணே, நீங்களே பாருங்க. தப்பு இருந்தா கோடு போடுங்க. ஆனா திங்கக்கிழமை அச்சகத்துக்குப் போயாகணும். அப்புறம் கதவத் தட்டிக்கிட்டு வரக்கூடாது, சொல்லிட்டேன்."

ஒரேஸ்தேயின் மனைவி நோர்மா அடுப்பில் பொலெந்தா என்கிற மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். பென்சிலைப் பார்த்தாள். "பவுஸ்தோ, உனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்றாள்.

அவள் பயந்தது சரிதான். அந்த வாரம் முழுக்க அவளுக்கு மேஜை இல்லாமல் போயிற்று. மனிதர் விடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மதியம்வரை எழுவதில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கத்தல் வேறு.

"பாரு, பாரு! பீரங்கிக் குழலுக்கு மூணு கழுதைன்னு எழுதியிருக்கான்! குழல மூணாப் பிளந்தா எடுத்துட்டுப் போனோம்?"

"சரி, கோடு போட்டாச்சுல்ல. கத்தாத."

"நாங்க இருந்தப்போ கடைசியா வாங்கின கழுதைக்கெல்லாம் ஒரே எழுத்துல பேரு. லூனா, லாம்பா, லீரா. இவன் நடுவுல 'பெப்பீனா'ன்னு ஒண்ணப் போட்டிருக்கான். அது இவன் அத்தை பேரு!"

"அவங்க அத்தையும் நல்லா சுமந்தவதான்" என்றாள் நோர்மா. "அதுசரி, முதல் உலகச் சண்டையில எங்க ஊர்ப் பொம்பளைங்க முதுகுக்கூடையில குண்டு சொமந்துட்டு உச்சிக்கு ஏறினாங்களே, அதுக்கு எத்தன பக்கம்?"

ஒரேஸ்தே புரட்டினார். "ரெண்டு வரி."

"கழுதைக்கு?"

"இருபத்தாறு பக்கம்."

"அதுக்கு ஒரு கோடு போடு முதல்ல" என்று சொல்லிவிட்டு அவள் பொலெந்தாவைப் பலகையில் கொட்டினாள். கொஞ்சம் மூன்றாம் அத்தியாயத்தின்மேலும் விழுந்தது.

புதன்கிழமை மதியம் கத்தல் நின்றுபோனது. நோர்மா முதலில் அதைக் கவனிக்கவில்லை; காதுக்கு ஓய்வு கிடைத்ததே என்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் எட்டிப் பார்த்தாள். மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் திறந்திருந்தது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

வெள்ளிக்கிழமை அவர் விறகு எடுக்கப் போன நேரத்தில் நோர்மா தாள்கட்டைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் கோழி கிளறிய குப்பைமாதிரி சிவப்பாக இருந்தது. நூற்றுப் பதினொன்றில் ஒன்பது கோடு. நூற்றுப் பதிமூன்றில் பதினான்கு. நடுவில் நூற்றுப் பன்னிரண்டு மட்டும் பால்போல வெள்ளையாக இருந்தது. அவள் நின்றவாக்கில் வாசித்தாள்.

'1961 பிப்ரவரியில் நடந்த குளிர்காலப் பயிற்சியின்போது, பாரத்தைக் கோணலாக ஏற்றிய கழுதை ஓட்டுநர் வினீச்சோ தெ கொல்லேயின் அலட்சியத்தால், லாம்பா என்ற கோவேறு கழுதை பீரங்கிக் குழலோடு பள்ளத்தில் விழுந்து இறந்தது. தெ கொல்லேக்குப் பதினைந்து நாள் காவல் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னால் வந்த ஓட்டுநர் ஒரேஸ்தே காந்தோனி அவருடைய இடுப்பைப் பிடித்து இழுத்து உயிரைக் காப்பாற்றினார்.'

ஒரேஸ்தே விறகோடு உள்ளே வந்ததும் நோர்மா சிரித்தாள். "இந்தப் பக்கத்துல மட்டும் தப்பே இல்லியாக்கும்? உன் பெருமை வர்ற பக்கம்னா பவுஸ்தோவுக்குக்கூட கை சுத்தமாயிடுது, இல்ல?"

"வச்சிடு அத."

"பவுஸ்தோ எழுதி ஒரு பக்கம் தப்பில்லாம இருந்து நான் பார்த்ததில்லையே, அதான் கேட்டேன்."

"வைன்னு சொல்றேன்ல!"

விறகு முழுவதும் தரையில் விழுந்தது. முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவர் அவளிடம் ஆயிரம் முறை சலித்துக்கொண்டிருக்கிறார், அப்படிக் கத்தியதில்லை. நோர்மா பக்கத்தை மூடி வைத்தாள். ஒவ்வொன்றாக விறகைப் பொறுக்கினாள்.

வினீச்சோவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரேஸ்தேயும் வினீச்சோவும் ஒரே வருடத்தில் பிறந்து, ஒரே நாளில் அழைப்பு வந்து, ஒரே லாரியில் ஏறிப் போனவர்கள். இரண்டு பேருக்கும் தோள் அகலம். கழுதை ஓட்டுநர் வேலை கொடுத்தார்கள். வினீச்சோவுக்குக் கிடைத்த லாம்பா குழல் சுமக்கும் கழுதை. பன்னிரண்டு பங்கில் குழல்தான் பொல்லாதது. நீளம், கனம், வழுக்கல். அதை முதுகுச் சேணத்தில் ஒரு மயிரிழை சாயாமல் உட்காரவைக்க அணியில் வினீச்சோவால்தான் முடியும் என்று சார்ஜென்ட்டே சொல்லுவார். லாம்பா யாரைக் கண்டாலும் உதைக்கும், அவனைக் கண்டால் காதைத் தாழ்த்தும். தன் ரொட்டியில் பாதியை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் அவன் சாப்பிடுவான். சேவை முடிந்ததும் காட்டுக் காவலர் வேலைக்குப் போவது என்று முடிவு செய்து வைத்திருந்தான்.

அந்த விபத்துக்குப் பிறகு அவனுடைய சேவைச் சான்றுக் காகிதத்தில் அலட்சியம் என்று ஒரு வார்த்தை ஏறிவிட்டது. காட்டுத் துறை அவனை எடுக்கவில்லை. பெல்ஜியத்துக்குப் போய்ப் பதினான்கு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்தான். எழுபத்தைந்தில் இருமலோடு திரும்பி வந்தான், தேனீப்பெட்டி வைத்தான். ஊர் அவனுக்கு 'கோணல்' என்று பெயர் வைத்திருந்தது. அவன் இல்லாத பதினான்கு வருடத்திலும் அந்தப் பெயர் சாகாமல் காத்துக்கொண்டிருந்தது. வந்து இறங்கிய அன்றே யாரோ "கோணல் வந்துட்டான்டா!" என்று கூவினார்கள். அவனும் சிரித்தான். நாங்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஒரு பட்டப்பெயர் அகப்பட்டால் விடமாட்டோம்.

ஒன்று மட்டும் உண்டு. அவன் அதற்குப் பிறகு எதன்மேலும் பாரம் ஏற்றியதில்லை. வைக்கோல் வண்டிக்குக் கை கொடுக்கக் கூப்பிட்டால், "எனக்குப் பாரம் ஏத்த வராதுப்பா" என்று ஒதுங்கிக்கொள்வான். சங்கக் கட்டடத்தின் மூலையில் பழைய பொதிச்சேணம் போட்ட மரக்கழுதை ஒன்று நிற்கிறது. முதுகில் குழலுக்குப் பதிலாக மரத்தில் கடைந்த ஓர் உருளையைக் கட்டி வைத்திருக்கிறோம், குழந்தைகள் பார்க்க. கட்டியவர்களுக்குக் கட்டத் தெரியாது. அது ஒருபக்கம் சாய்ந்துதான் இருக்கும். சாய்ந்ததைக் கண்டால் தாங்காத ஒரேஸ்தேகூட அதைத் தொட்டதில்லை. வினீச்சோ அந்த மூலைக்கே போகமாட்டான்.

இன்னொன்றும் உண்டு. திரும்பி வந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வினீச்சோ ஒரு ஜாடி தேன் எடுத்துக்கொண்டு ஒரேஸ்தே வீட்டுக்கு வருவான். "இடுப்பப் புடிச்சதுக்கு" என்று சொல்லி மேஜையில் வைப்பான். ஒரேஸ்தே அந்தத் தேனைத் தொடமாட்டார். நோர்மாவும் மகள்களும்தான் சாப்பிட்டார்கள். அவருக்கு இனிப்பு ஆகாது என்று நினைத்துக்கொண்டார்கள்.

இனி லாம்பா விழுந்த அன்று காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். கழுதைக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். இறுக்கிவிட்டோம் என்று நாம் நிமிர்ந்தால் அது மெல்ல மூச்சை விடும், வார் தொளதொளவென்று ஆகிவிடும். அதனால்தான் புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் வரிசை முழுக்க ஒரு நிறுத்தம். ஒவ்வொரு ஓட்டுநரும் தன் கழுதையின் வாரை மறுபடி இரண்டு துளை ஏற்றவேண்டும். அந்த நிறுத்தத்தில் கழுதையை விட்டு அகலக் கூடாது என்பது சட்டம்.

அன்று வினீச்சோவுக்கு வயிற்றுப்போக்கு. முந்தின இரவு சாப்பாட்டில் அவரைக்கொட்டை சரியாக வேகவில்லை. "ஒரேஸ்தே, லாம்பா வாரையும் ஏத்திடுடா, இதோ வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் புதருக்குப் பின்னால் ஓடினான். ஒரேஸ்தே தன் லூனாவின் வாரை இறுக்கினான். கையுறையைக் கழற்றியதில் விரல்கள் மரத்துப்போயின. லாம்பா பக்கம் போனான். அது காதை மடக்கி, பின்னங்காலைத் தூக்கியது. உதை வாங்க அவனுக்கு மனசில்லை. சட்டைப்பையில் பாதி சிகரெட் இருந்தது. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் செய்வோம் என்று நினைத்தான். விசில் ஊதிவிட்டார்கள். வினீச்சோ கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"இறுக்கிட்டியா?"

"இறுக்கிட்டேன், நட."

அவ்வளவுதான். வழியில் எங்காவது சொல்லிவிடலாம் என்று இருந்தான். முக்கால் மணி நேரம் கழித்துப் பாதை பள்ளத்தின் பக்கம் சரிந்த இடத்தில் சேணம் உருண்டது. லாம்பா இரண்டு தடவை காலூன்றப் பார்த்தது. வினீச்சோ கயிற்றை விடவில்லை. ஒரேஸ்தே பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தான். கயிறு மட்டும் கையை விட்டுப் போயிற்று. பள்ளத்திலிருந்து கொஞ்ச நேரம் சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

சேணம் பனிக்கடியில் போய்விட்டதால் யாரும் எதையும் சோதிக்கவில்லை. பாரம் கோணலாக இருந்திருக்கும் என்று கேப்டன் முடிவு கட்டினார். வினீச்சோ தலையாட்டினான். புதருக்குப் போனதைச் சொன்னால் ஒரேஸ்தேயும் மாட்டுவான் என்று அதைச் சொல்லவில்லை. ஒரேஸ்தே மூன்றடி தள்ளி நின்றான். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தான். அவனுக்கும் சாலைத் துறை வேலைக்குச் சுத்தமான காகிதம் வேண்டியிருந்தது. நாளை என்பது முப்பத்தெட்டு வருடம் நீண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோரும் சங்கத்தில் கூடினோம். அடுப்பில் தீ, மேஜையில் சிவப்பு ஒயின், பெரிய தட்டில் சீஸும் உருளைக்கிழங்கும் போட்டு முறுகவைத்த ஃப்ரீக்கோ. ஒருபக்கம் சீட்டாட்டம். வினீச்சோ அடுப்போரம் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். எதிரே பால் கூட்டுறவில் சீஸ் காய்ச்சும் பெப்பி. பெப்பிக்கு நாக்கு நீளம், மனசில் ஒன்றும் கிடையாது.

பவுஸ்தோ படியைப் புரட்டினார், தலையில் கை வைத்தார்.

"முந்நூத்தி நாப்பத்தோரு கோடு! அண்ணே, இது வரலாறா, காயம்பட்ட ஆளா? கட்டுப்போடத்தான் ஆள் வேணும்."

"தப்பு முந்நூத்தி நாப்பத்தொண்ணு இருந்தா கோடும் அத்தனதான் இருக்கும்" என்றார் ஒரேஸ்தே. அவருடைய குரலில் வழக்கமான உப்பு இல்லை. பரிமாற வந்திருந்த நோர்மா மட்டும் அதைக் கவனித்தாள்.

"இங்க பாருங்க, 'குளிர் அதிகமாக இருந்தது'ன்னு எழுதினதுக்குக்கூட கோடு! எவ்வளவு டிகிரின்னு கேட்டிருக்காரு! எனக்கென்ன தெரியும்? நான் உள்ள இருந்தேன்!"

"அதத்தான் அவரும் சொல்றாரு" என்று யாரோ சொன்னார்கள். கட்டடமே சிரித்தது.

பெப்பி சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான். "கோணல் வர்ற பக்கம் எது? அத வாசிங்கப்பா. டேய் கோணல், உன் பேரு அச்சுல வருதுடா! நாங்கெல்லாம் செத்தாலும் நீ நூலகத்துல இருப்ப!"

பவுஸ்தோ வாசிக்க வேண்டாம் என்றார். பெப்பி பிடுங்கி உரக்க வாசித்தான். 'கோணலாக ஏற்றிய' என்ற இடத்தில் மேஜையைத் தட்டினார்கள். 'இடுப்பைப் பிடித்து இழுத்து' என்ற இடத்தில் இரண்டு பேர் ஒரேஸ்தேயின் முதுகைத் தட்டினார்கள். அவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

வினீச்சோவும் சிரித்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பவுஸ்தோ, ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்கண்ணே."

"என் பேர மட்டும் எடுத்துட முடியுமா? ஓட்டுநர் ஒருத்தன்னு போட்டுக்கோ. பேரனுக்கு இப்போ வாசிக்க வருது. பட்டப்பேருன்னா விளையாட்டுக்குன்னு சொல்லிக்கலாம். புத்தகத்துல இருந்தா..." இருமல் வந்து மீதியைத் தின்றுவிட்டது.

அந்த மனிதர் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. சிரிப்பு அடங்கியது. பவுஸ்தோவுக்கும் சங்கடம்தான். ஆனால் எழுத்தர் புத்தி எங்கே போகும்?

"எனக்கு ஆசைதாண்ணே. ஆனா ஆவணத்துல பேரோட இருக்கு. நான் எடுத்தா மறைச்சேன்னு ஆகும். அதுவும் இல்லாம, இங்க பாருங்க." பக்கத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "ஒரேஸ்தே அண்ணன் கூட இருந்தவரு. அவர் பார்வைக்குத் தப்பின தப்பு உண்டா? நன்றியுரையில என் பொஞ்சாதி பேருக்குக்கூட கோடு போட்டிருக்காரு. இந்த ஒரு பக்கத்துல ஒண்ணுகூடப் போடல. அப்போ இது சரின்னுதானே அர்த்தம்?"

"அது சரிதான்" என்று வினீச்சோ சொன்னார். சீட்டை எடுத்துக்கொண்டார். "விடு, ஆட்டத்தப் பார்ப்போம்."

ஒரேஸ்தே ஒரு வாரமாக என்ன நினைத்திருந்தார் தெரியுமா? நான் எழுதவில்லையே, நான் பொய் சொல்லவில்லையே, பேசாமல்தானே இருக்கிறேன் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, இலை சுத்தமாக இருக்கிறதென்று காட்டுவதுபோல. இப்போது அந்தச் சுத்தமான இலையையே சாட்சியாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அவருக்குப் பவுஸ்தோமேல் எரிச்சல் வந்தது. பெப்பிமேல் வந்தது. சண்டை போடாமல் ஆட்டத்தைப் பார்க்கிற வினீச்சோமேலும் வந்தது. கடைசியில் போக வேறு இடமில்லாமல் அது தன்மேலேயே வந்து விழுந்தது.

"அதுல ஒரு தப்பு இருக்கு" என்றார்.

கட்டடம் முழுக்க ஒரு முனகல். "ஐயோ, ஆரம்பிச்சிட்டாரு!" என்றான் பெப்பி. பவுஸ்தோ கண்ணை மூடிக்கொண்டார். "என்னண்ணே, தேதியா? கழுத பேரா? உயரமா?"

"கோணல்ங்குறது."

"கோணல்னா கோணல்தானேண்ணே. வேற என்ன வார்த்த போடணும்?"

"வார்த்த இல்லடா மடையா! பாரம் கோணல் இல்ல. வார் இறுக்கல."

சீட்டாட்டக்காரர்களும் திரும்பினார்கள். ஒரேஸ்தே எழுந்து நின்றார். மேஜையைப் பிடித்துக்கொண்டார். வினீச்சோவைப் பார்க்காமல், சிவப்புப் பென்சிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதல் நிறுத்தம், வேகாத அவரைக்கொட்டை, புதர், பாதி சிகரெட், விசில் எல்லாவற்றையும் சொன்னார். சாலை விபத்து அறிக்கை எழுதுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்தார். நோர்மா கையிலிருந்த துணியை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தத் தேனை அவர் ஏன் தொட்டதே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

வினீச்சோ கையிலிருந்த சீட்டை மேஜையில் வைத்தார். அடுப்பில் ஒரு கட்டை சரிந்து விழுந்தது.

"இறுக்கிட்டேன்னு சொன்னியே" என்றார்.

"சொன்னேன்."

"இறுக்கலியா?"

"இறுக்கல."

"நான் கேட்டேன். நீ இறுக்கிட்டேன்னு சொன்ன."

"ஆமாடா. சொன்னேன். பொய் சொன்னேன்."

கோபப்படுவார், கிளாஸை வீசுவார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ யோசித்தார்.

"அப்போ பாரம்?"

"என்ன பாரம்?"

"நான் ஏத்தின குழல். அது நேரா இருந்துச்சா?"

ஒரேஸ்தே நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை மட்டும் அவர் எதிர்பார்க்கவே இல்லை. "நேராத்தான்டா இருந்துச்சு. நான் பின்னால வந்தவன்தானே, முக்கால் மணி நேரம் அதத்தானே பார்த்துட்டு வந்தேன். நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சு. உன்ன மாதிரி ஏத்துறவன் அணியிலயே கெடையாது."

"சுரங்கத்துல பதினாலு வருஷம் தெனம் ஏத்திப் பார்த்திருக்கேன்" என்றார் வினீச்சோ, யாரிடமும் இல்லாமல். "மனசுக்குள்ள. இந்தக் கயிறு, அந்தக் கயிறு, முடிச்சு. எங்க தப்பு விட்டேன்னு தேடித் தேடிப் பார்த்திருக்கேன். கெடைக்கவே இல்ல. கெடைக்கலன்னா என் கைதான் சரியில்லன்னு விட்டுட்டேன்." அப்போதுதான் ஒரேஸ்தே பக்கம் திரும்பினார். "முப்பத்தெட்டு ஜாடி தேன் குடுத்தேனேடா உனக்கு!"

முப்பத்தெட்டு இல்லை, இருபத்து நான்கு. நடுவில் பதினான்கு வருடம் அவர் பெல்ஜியத்தில் இருந்தார். ஒரேஸ்தேயின் நாக்கு நுனிவரை அது வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு தப்பான எண்ணிக்கையைத் திருத்தாமல் தலைகுனிந்து நின்றார்.

வினீச்சோ எழுந்தார். தொப்பியை எடுக்கப் போகிறார், வெளியே போய்விடுவார் என்று பெப்பி வழிவிட்டான். அவர் கதவுப் பக்கம் போகவில்லை. மூலைக்குப் போனார். மரக்கழுதைக்கு முன்னால் நின்று, இத்தனை வருடமாகச் சாய்ந்து கிடந்த அந்த உருளையைப் பார்த்தார். "எந்தக் கழுத கட்டினது இத?" என்றார். கட்டியது பவுஸ்தோ.

கயிறுகளை அவிழ்த்தார். சேணத்தைத் தூக்கி, தட்டி, முதுகுத்தண்டின்மேல் பொருத்தி வைத்தார். அறுபது வயது, கரி தின்ற நெஞ்சு. உருளையைத் தூக்கியபோது மூச்சு விசிலடித்தது. ஒரேஸ்தே தாங்காமல் ஓடிப்போய் மறுமுனையைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"தொடாத."

ஒரேஸ்தே கையை இழுத்துக்கொண்டார். வினீச்சோ தானே ஏற்றினார். விரல்கள் யோசிக்கவே இல்லை. முதல் கயிறு, இரண்டாவது கயிறு, முடிச்சு என்று தாமாகப் போயின. குனிந்து வயிற்றுவாரை இறுக்கினார். ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தார். உருளை நேராக இருந்தது. அடுப்படியில் நின்ற எங்களுக்கே தெரிந்தது.

பவுஸ்தோ பென்சிலை ஒரேஸ்தேயிடம் நீட்டினார். "நீங்களே எழுதுங்கண்ணே" என்றார். ஒரேஸ்தே மேஜைக்குத் திரும்பி, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் 'பாரத்தைக் கோணலாக ஏற்றிய' என்பதை 'வாரை இறுக்காத' என்று மாற்றி, வினீச்சோவின் பெயரை அடித்தார். அதற்கு மேலே தன் பெயரை முழுதாக எழுதினார். இடுப்பைப் பிடித்த வரியையும் அடித்தார். எழுத்து கோணலாக வந்தது, அதை அவர் திருத்தவில்லை.

ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஃப்ரீக்கோ ஆறிக் கிடந்தது. வினீச்சோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மரக்கழுதையின் பக்கத்திலேயே நின்றார். சரியாகப் பத்து நிமிடம் ஆனதும் மறுபடி குனிந்தார்.

"அது மரம்டா வினீச்சோ" என்றான் பெப்பி, இந்தமுறை மெதுவாக. "மரக்கழுத வயித்த உப்பாது."

வினீச்சோ வாரை இழுத்தார். அது இன்னும் இரண்டு துளை ஏறியது.